ஒரு குரவை நேரம்

மனே, உன் கோபம் இன்னும் இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். முந்தாநாளிலிருந்து என்னோடு நீ பேசியது "ஓம்", "வேணாம்" என்ற இரண்டே சொல். கோபத்தில் பேசாமல் இருக்கிறாயா, மூச்சுக் குறைந்து பேசாமல் இருக்கிறாயா என்று பயந்து, கதவோரம் நின்று உன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். கோபம்தான். மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது. அதில் எனக்கு வந்த சந்தோசத்தை நீ பார்த்திருந்தால் இன்னும் கோபப்பட்டிருப்பாய். இதை வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் அழுதுவிடுவேன், நான் அழுதால் நீ சிரிப்பாய், பிறகு சொல்ல வந்த விஷயம் கெட்டுப்போகும். அதனால் உன் மேசையில் கிடந்த உன்னுடைய கலியாண அட்டைகளில் எழுத்துப் பிழை என்று நீ ஒதுக்கி வைத்தவற்றை எடுத்து, அவற்றின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அழகாக வடிவமைத்திருக்கிறாய். அப்பாவின் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக இத்தனை அட்டையை வீணாக்க உன்னால்தான் முடியும்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கலியாணத்தை நடத்தி வைக்கப்போகும் ஐயரிடம் போய்ப் பேசியது நான்தான். "மகனுக்குத் தோளில் பெலன் இல்லை, கையைத் தூக்கிப் பிடித்திருக்க ஏலாது, அதனால் தாலியைத் தட்டிலிருந்து எடுத்துத் தொட்டுக் கொடுத்தால் போதும், மூன்று முடிச்சையும் தோழியாக நிற்கும் ரூபா போடட்டும்" என்று சொன்னேன். ஐயரும் நல்ல மனிதர், அதற்கென்ன என்றார். சின்னம்மாவின் மகள் ரூபாவுக்கு வாய் நிற்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று பின்னேரமே அவள் உன்னிடம் வந்து சொல்லிவிட்டாள். நீ சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சக்கர நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து, "தாலி கட்ட ஏலுமா ஏலாதா எண்டு எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களாம்மா?" என்றாய். கேட்கவில்லை, மனே. இருபது வருடமாக உன் கையைப் பற்றி உன்னிடம் கேட்காமலே நான் எத்தனையோ பேரிடம் பதில் சொல்லி வந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை உனக்குக் கலியாணம். நம்முடைய பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு, ஆண்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போகிறவன். மற்ற ஊர்களில் பெண்ணைப் பெற்றவள் அழுவாள் என்கிறார்கள். இங்கே அழுகிற முறை எனக்கு. உன்னைப் பெற்றபோதே, ஒருநாள் நீ இன்னொரு வீட்டுக்குப் போவாய் என்று தெரியும்தான். ஆனால் உனக்கு ஐந்து வயதில் நடை தள்ளாடத் தொடங்கிய பிறகு, இவன் எங்கேயும் போகமாட்டான், என்னோடுதான் இருப்பான் என்று மனதுக்குள் ஒரு கணக்கை முடித்து வைத்துவிட்டேன். அந்த நினைப்பில் துக்கம் பாதி, ஆசை பாதி. இப்போது நீ பனிச்சங்கேணியிலிருந்து அமிர்தகழிக்கு மருமகனாகப் போகிறாய்! சந்தைக்குப் போனாலும், குளத்தடிக்குப் போனாலும், கேட்காதவர்களைக்கூட நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பா என்னைப் பார்த்து, "உனக்குத்தான் கலியாணம்போல" என்று கேலி செய்கிறார்.

சுனாமி வந்த அன்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் பிழையும் அங்கேதான் தொடங்கியது. உனக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை. மாங்கேணியில் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். கடல் வருகிறது என்று ஆட்கள் ஓடினார்கள். கடல் எப்படி வரும் என்று கேட்டுக்கொண்டு திருவலையை விடாமல் இருந்த ஆள் நான். அப்பாதான் உன்னை முதுகில் போட்டுக்கொண்டு, "கழுத்தப் புடி மனே" என்றார். நீ பிடித்தாய். நாலு அடி வைக்க முன்னம் உன் கைகள் வழுக்கி இறங்கின. மறுபடி தூக்கி வைத்தார், மறுபடி இறங்கின. உன் கால்தான் பெலன் இல்லாதது என்று அதுவரைக்கும் நினைத்திருந்தோம். கையும் அப்படித்தான் என்று அந்தத் தண்ணீர் வரும் நேரத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் சீலைத் தலைப்பைக் கிழித்து, உன் இரண்டு மணிக்கட்டையும் அப்பாவின் கழுத்துக்கு முன்னால் சேர்த்துக் கட்டினேன். மூன்று முடிச்சுப் போட்டேனா நாலு போட்டேனா தெரியாது. ஓடினோம். மேட்டுக்கு ஏற முன்னம் தண்ணீர் அப்பாவின் நெஞ்சுக்கு வந்துவிட்டது. நீ கட்டுண்டு கிடந்தபடியால் அவருடைய இரண்டு கையும் சும்மா இருந்தன. ஒரு கையால் ஒரு பனையையும் மற்றக் கையால் என் தலைமயிரையும் பிடித்தார். நாங்கள் மூன்று பேரும், எங்களுக்கு முன்னால் ஓடிய சின்னம்மா வீட்டாரும் மிஞ்சினோம். அந்த ஒழுங்கையில் மிஞ்சாதவர்களின் பெயர்களை இந்தக் கலியாண அட்டையில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு நனைந்த முடிச்சு அவிழவில்லை. சித்தப்பா கத்தியால் வெட்டினார். கீழே இறக்கியதும் நீ இருமி இருமிச் சொன்ன முதல் வார்த்தை எனக்கு இன்னும் கேட்கிறது. "அப்பாட கழுத்த நான் விடல்ல" என்றாய். நான் என்ன செய்தேன்? "நீ எங்கடா புடிச்ச, நானல்லவா கட்டின" என்றேன். அன்றைக்கு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு எத்தனை வருடம், எத்தனை பேரிடம், உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த முடிச்சுக் கதையைச் சொல்லியிருப்பேன்! வெளியூரிலிருந்து உதவிக்கு வந்தவர்களுக்கும் சொன்னேன், ஆஸ்பத்திரியிலும் சொன்னேன், பெண் பார்க்கப் போன இடத்திலும் சொன்னேன். நீ ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொள்வாய். வெட்கம் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

சுனாமிக்கு இரண்டு வருடத்தில் சண்டை நம்முடைய பக்கம் வந்து, ஊரைவிட்டு முகாமுக்குப் போனோமே, அந்த முகாமைப் பற்றி உனக்கு நல்ல ஞாபகம் இருக்கும், ஏனென்றால் அங்கே நீ பெரிய ஆள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மிஸ் வந்து, அடிபட்டவர்களுக்கும் உன்னைப்போன்ற பிள்ளைகளுக்கும் பயிற்சி சொல்லித் தந்தார். பெயர் தெரியாது, எக்சசைஸ் மிஸ் என்றுதான் எல்லோரும் சொன்னோம். உன்னை ஒரு முறை இருமச் சொன்னார். இருமினாய். அது இருமலாக வரவில்லை, ஒரு சின்னப் பெருமூச்சாக வந்தது. மிஸ்ஸின் முகம் மாறியது. கை கால் மட்டும் இல்லை, மூச்சை இழுத்து விடுவதும் தசைதான், அதுவும் மெலியும், அதையும் பழக்க வேண்டும் என்றார். நெஞ்சு நிறைய இழுத்து, மேலும் ஒரு வாய் இழுத்து, பிறகு நீளமாக விட வேண்டும். அதற்கு ஊதுகிற சாமான் ஒன்று இருக்கிறதாம், அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்றார். அடுத்த முறை பாதை பூட்டியிருந்தது. நீளமாக மூச்சு விடுவதற்கு என்ன சாமான் வேண்டிக்கிடக்கிறது என்று நான் யோசித்தேன். எனக்குத் தெரிந்த நீளமான மூச்சு ஒன்றுதான். குரவை.

நம்முடைய ஊரில் கலியாணமென்றாலும் கோயிலென்றாலும் குரவைக்கு என்னைத்தான் முன்னுக்குத் தள்ளுவார்கள், அது உனக்குத் தெரியும். நான் நாக்கைச் சுழற்றிக் குரவை எடுத்தால் மற்றப் பெண்கள் எல்லாம் மூச்சு வாங்கி முடிந்த பிறகும் என்னுடையது போய்க்கொண்டிருக்கும். அதை உனக்குப் பழக்கினேன். பொம்பிளைகள் போடுகிறது எனக்கெதற்கு என்று நீ முறைத்தாய். போட்டால்தான் சோறு என்றேன். முதல்நாள் நீ போட்டது கோழிக்குஞ்சு கத்துவதுபோல இருந்தது. நான் விரல் மடித்து எண்ணினேன், ஒரு கை விரல் முடிய முன்னம் நின்றுவிட்டது. பத்து நாளில் இரண்டு கை விரலும் மடிந்தன. ஒருநாள் காலையில் நீ நல்லதாக ஒன்று போட்டாய் பார், நாங்கள் இருந்த தறப்பாள் கூரைக் கொட்டில் முழுக்க நிறைந்தது! கொஞ்ச நேரத்தில் வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள். ஒருத்தி நல்லெண்ணெய் கொண்டுவந்திருக்கிறாள், ஒருத்தி இரண்டு முட்டை, இன்னொருத்தி தன் மகளின் புதுப் பாவாடை. நிவாரணத்தில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து, "எங்க கா புள்ள? ஆரு பெரியபுள்ளயானது?" என்று கேட்கிறார்கள். குரவை கேட்டதும் ஒரு பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள், ஆனால் அந்தக் கொட்டிலில் பெண்பிள்ளையே இல்லை. நீ பாயில் இருந்துகொண்டு, "நான்தான் போட்டன்" என்றாய். அந்த முகாமுக்குப் போன பிறகு அத்தனை பேர் ஒன்றாகச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். எண்ணெயையும் முட்டையையும் திருப்பிக் கொண்டுபோக ஒருத்திக்கும் மனம் வரவில்லை. உனக்கே பொரித்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகு தினமும் காலையில் உன் குரவை கேட்டால்தான் பக்கத்துக் கொட்டில்காரிகள் அடுப்பு மூட்டுவார்கள். கேட்காத நாளில், பிள்ளைக்குச் சளியா என்று வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

மூச்சில் நான் கெட்டிக்காரிதான், கையில்தான் பிழை விட்டேன். உன் கைக்கு நோகும் என்று நானே ஊட்டினேன். தேத்தண்ணிக் கோப்பையையும் நானே பிடித்தேன். பத்து வயது, பதினொரு வயதுப் பிள்ளைக்கு முகம் கழுவி, தலை இழுத்து வாரி, சோறு பிசைந்து வாயில் வைத்தேன். எவ்வளவு நல்ல தாய் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அப்பா உன்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வாவிக்குப் போகத் தொடங்கினார். இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டித் தருவேன். அவனுக்கு ஊட்டிவிடுங்கள் மச்சான் என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவேன். அவர் தலையாட்டுவார். வெறும் பார்சல் திரும்பி வரும். அவர்தான் ஊட்டுகிறார் என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு யுத்தம் முடிந்தது. அந்த நாட்களில் ஊரில் யாருக்கும் என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த வீடுகள் நம்மைச் சுற்றி இருந்தன. நான் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரேடியோவை நிறுத்திவிட்டேன். ஆனால் பாதை திறந்தது, அது உண்மை. கொழும்புக்குக் கொண்டுபோய் மூச்சைச் சோதிக்க வேண்டும் என்று எத்தனையோ காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அந்த வருடம்தான் போக முடிந்தது. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். உன்னை நான் இடுப்பைப் பிடித்துத் தாங்கிக்கொண்டு நின்றேன். ஆமிக்காரப் பொடியன் கையை உயர்த்தச் சொல்லிச் சைகை காட்டினான். நீ உயர்த்தவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னான். உன் கை இடுப்புக்கு மேலே வரவில்லை. உன்னை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, பின்னால் நின்று உன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து உன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அவன் உன் மெல்லிய கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போதும் இறக்கு என்று கையால் காட்டினான். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகும் நான் உன் கையை விடவில்லை. நீதான், "விடுங்கம்மா, நோகுது" என்றாய்.

ஆஸ்பத்திரியில் ஒரு குழாயைக் கொடுத்து அதில் ஊதச் சொன்னார்கள். சோதனை செய்த பெட்டைக்குச் சிங்களம்தான் தெரியும். அவள் கன்னத்தை உப்பி ஊதிக் காட்டுகிறாள், நீ மெதுவாக ஒரு மூச்சு விட்டு நிறுத்துகிறாய். திரும்பத் திரும்பச் செய்தும் சரிவரவில்லை. இன்னும் இருக்கிறது, விடு விடு என்று அவள் சொல்வது எனக்கு விளங்கியது, உனக்கு விளங்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "மனே, குரவை போடு. சத்தமில்லாத குரவை" என்றேன். உன் கண் பளிச்சென்றது. நெஞ்சு நிறைய இழுத்தாய், மேலும் ஒரு வாய் இழுத்தாய், பிறகு விட்டாய் பார், அந்தப் பெட்டியில் கோடு ஓடிக்கொண்டே இருந்தது! நான் விரல் மடித்து எண்ணினேன், பழக்கம் போகுமா? அந்தப் பெட்டை கைதட்டினாள். நான் சொன்ன சொல் என்ன என்று கேட்டு, கடதாசியில் தன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். அடுத்ததாக ஒரு தமிழ்ப் பிள்ளை உள்ளே போனபோது கதவுக்கு வெளியே எங்களுக்குக் கேட்டது, "குரவே, குரவே" என்று. நீ சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாய்.

பிறகு டொக்டர் அம்மா கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியும். மூச்சு நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது என்றார். நீங்களும் உங்கள் கணவரும் கலியாணத்துக்கு முன்னமே சொந்தமா என்று கேட்டார். மாமாவின் மகனைத்தான் கட்டினேன் என்றேன். சில குடும்பங்களில் இப்படி வருவதற்கு அதுவும் ஒரு காரணம், யாருடைய குற்றமும் இல்லை என்றார். அந்தக் கடைசிச் சொல்லை நம்புவதற்கு எனக்குப் பல வருடம் எடுத்தது. அதற்குப் பிறகு கையைப் பற்றிக் கேட்டார். கோப்பையைத் தானாக வாய்க்குக் கொண்டுபோவானா? தெரியாது என்றேன். தலையில் கை வைப்பானா? தெரியாது. சோற்றைத் தானாகச் சாப்பிடுவானா? தெரியாது டொக்டர், நான்தான் ஊட்டுகிறேன். அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து மேசையில் உனக்கு முன்னால் வைத்தார். நான் எடுத்து ஊட்டப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினார். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். வலது முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றினாய், இடது கையால் அதற்கு முட்டுக் கொடுத்தாய், தலையைக் கொஞ்சம் குனிந்து, பிஸ்கட்டை வாயில் வைத்துக் கடித்தாய். எங்கே பழகினாய் என்று டொக்டர் கேட்டார். "தோணில" என்றாய். தோணியின் குறுக்குப் பலகையில் முழங்கையை ஊன்றி, இரண்டு வருடமாக நீ தானாகத்தான் சாப்பிட்டிருக்கிறாய். அப்பா ஒருநாளும் ஊட்டவில்லை. வீட்டுக்கு வந்து அவரோடு சண்டை பிடித்தேன், ஏன் சொல்லவில்லை என்று. "சொன்னா நீ விடுவியா புள்ள?" என்றார்.

அன்றைக்கு டொக்டர் சொன்னதை இப்போது உனக்கும், உன் மனைவியாகி இதை வாசிக்கப்போகும் தர்சினிக்கும் எழுதுகிறேன். கை மெலிவது கண்ணுக்குத் தெரியும், மூச்சு மெலிவது தெரியாது. அதனால் நேற்று எட்டியது இன்று எட்டவில்லை என்றால், அது கையின் விஷயம் மட்டும் என்று இருந்துவிடாமல் மூச்சையும் போய்ச் சோதிக்க வேண்டும். காலையில் தலையிடித்தால் சொல்ல வேண்டும், அது இரவில் மூச்சுக் குறைந்ததன் அடையாளம். நீ அதை மறைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? உயர்தரப் பரீட்சைக்கு முன்னம் ஒரு மாதம் தினமும் தலையிடியோடு எழும்பி, சொன்னால் பரீட்சைக்கு விடமாட்டேன் என்று பயந்து பேசாமல் இருந்தாய். ஒரு சளி வந்து உன்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டது. நீல உதட்டோடு நீ கிடந்ததைப் பார்த்த நான், மாமாங்கேஸ்வரரிடம் என் மூச்சை எடுத்து இவனுக்குக் கொடு என்று பேரம் பேசினேன். நீ மறைத்ததற்கு நான்தான் காரணம் என்று இப்போது விளங்குகிறது. எதையும் விடாத தாயிடம் பிள்ளை எதைத்தான் சொல்லும்? அங்கே போய் அப்படிச் செய்யாதே. தூங்கும்போது போடுகிற அந்த மூச்சு மிஷினைத் தர்சினியின் ஆட்கள் பார்த்துவிடுவார்களே என்று கட்டிலுக்குக் கீழே ஒளிக்காதே. தலைமாட்டில் வை. கரண்டு போனால் போடும் பற்றரியை அப்பா ஏற்கனவே கொண்டுபோய் வைத்துவிட்டார், இரண்டு முறை போட்டும் பார்த்துவிட்டார்.

தர்சினியைப் பற்றி எழுதாவிட்டால் இந்த அட்டை நிறையாது. முன்பள்ளி விழாவுக்கு நோட்டீஸ் வடிவமைத்துத் தரச் சொல்லி உன்னோடு போனில் பேசிய டீச்சர், பிழை திருத்தவென்று இத்தனை முறை எடுப்பாளா என்று எனக்கு அப்போதே சந்தேகம். நாலாவது முறையா ஐந்தாவது முறையா, "நீங்க ஏன் நாலு சொல்லுக்கு ஒருக்கா நிப்பாட்டுறீங்க?" என்று கேட்டாளாமே. வேறு யாரும் கேட்டிருந்தால் நீ போனை வைத்திருப்பாய். அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய், முகாமில் குரவை போட்டது வரைக்கும். போட்டுக் காட்டச் சொன்னாளாம், நீ போட்டாயாம்! இருபத்தாறு வயது ஆண்பிள்ளை போனில் குரவை போட்டுப் பெண் பிடித்தது இந்த மட்டக்களப்பில் நீ ஒருத்தனாகத்தான் இருக்கும். பிள்ளைகள் பற்றி டொக்டரிடம் நீங்கள் இருவரும் போய் ஒளிவுமறைவில்லாமல் கேட்டுவிட்டு வந்ததும் எனக்குத் தெரியும். நாங்கள் கேட்காமல் கட்டினோம், நீங்கள் கேட்டுவிட்டுக் கட்டுகிறீர்கள். அதில் எனக்குப் பெருமை.

நேற்றுக் காலையில் அவள் எனக்குப் போன் எடுத்தாள். ரூபா அங்கேயும் சொல்லிவிட்டாள்போல. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே, "மாமி, எனக்குத் தோள் எதுக்கு இருக்கு? அவரு ரெண்டு முழங்கையையும் என்ட தோளில ஊண்டிட்டு ஆறுதலா, அவசரமில்லாமக் கட்டட்டும். தாலிக்கொடி பாரம், அது மறுகா போடலாம். மஞ்சக் கயிறு போதும்" என்றாள். தோணிப் பலகையும் டொக்டரின் மேசையும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்ததை, தொலைவில் இருந்து அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

போனை வைத்துவிட்டு, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் போய்ச் சொன்னேன். எல்லாம் சரி, தோளில் ஊன்றினாலும் விரலுக்குப் பெலன் வேண்டுமே, கயிறு வழுக்கினால் சபையில் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சுனாமியண்டு சீலய வெட்டின பொறகும் அவன்ட கை பிரியல்ல புள்ள. பத்து விரலையும் கோத்துப் புடிச்சிருந்தான். ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சு எடுத்தன்" என்றார். இத்தனை வருடமும் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீ முடிச்சுக் கதைய அவ்வளவு ஆசையாச் சொல்லுவ. மறுகா எப்பிடிச் சொல்ற?" என்றார். நான் அந்த இடத்திலேயே மணலில் இருந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா தெரியாது, இரண்டும்தான். எட்டு வயதில் நீ சொன்னது உண்மை, மனே. நீ விடவில்லை. உன் தோள் உன்னை விட்டது, விரல் விடவில்லை. நான் அதை உன்னிடமிருந்து பறித்து, இருபது வருடம் என்னுடையதென்று ஊருக்குச் சொல்லித் திரிந்தேன். என்னை மன்னித்துக்கொள். இனி அந்தக் கதையை நான் சொல்லமாட்டேன். கேட்பவர்களுக்கு நீ சொல்லு, உன் கை வழுக்கிய இடத்திலிருந்தல்ல, பிடித்த இடத்திலிருந்து.

பின்னேரமே பஸ் ஏறிப் போய் ஐயரைப் பார்த்துவிட்டேன். என் வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், கட்டப்போவது என் மகன்தான், நேரம் கொஞ்சம் எடுக்கும், அவசரப்படுத்த வேண்டாம் என்றேன். முகூர்த்தம் தாராளமாக இருக்கிறது, ஆனால் மேளகாரர் அவ்வளவு நேரம் கெட்டிமேளம் அடிப்பார்களா என்று கேட்டார். அவர்கள் நிறுத்தினால் நிறுத்தட்டும் ஐயா, நான் இருக்கிறேன் என்றேன். உன் ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் மாமாங்கேஸ்வரரிடம் என் மூச்சைப் பேரம் பேசிய நாளிலிருந்து நான் யாருடைய கலியாணத்திலும் முன்னுக்குப் போய்க் குரவை போடவில்லை. கூப்பிட்டால், மூச்சு வாங்குகிறது என்று பொய் சொல்லிவிடுவேன். இன்று காலையில் கிணற்றடியில் நின்று ஒன்று போட்டுப் பார்த்தேன். நீ ஜன்னலால் எட்டிப் பார்த்ததைக் கண்டேன், கோபத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கலாமா?

வியாழக்கிழமை நீ ஆறுதலாகக் கட்டு. முழங்கையை அவள் தோளில் ஊன்று, மூச்சை நிறைய இழு, மேலும் ஒரு வாய் இழு. முதல் முடிச்சில் வழுக்கினால் அவிழ்த்துவிட்டு மறுபடி போடு. சபையைப் பார்க்காதே. என் குரவை கேட்கும் வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது. உன் மூச்சை இத்தனை வருடம் நான் விரல் மடித்து எண்ணினேன். என் மூச்சை எண்ண உனக்கு அன்றைக்கு விரல் ஓய்ந்திருக்காது, அதனால் எண்ணாதே. மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகுதான் நான் மூச்சு எடுப்பேன்.